தராசுக்காரன் கட்டிய பூ

"எதுல எது ஒசத்தின்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டேம்மா. எனக்கு எது பிடிக்கும்னுதான் தெரியலை."

சொன்னவன் வயிரவன். காரைக்குடிக்காரன். நாற்பத்தைந்து வயது. கால்சட்டையின் இடது பையில் ஓர் ஆண்ட்ராய்டு போன், வலது பையில் ஒரு ஐபோன். நடக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடின.

கேட்டுக்கொண்டிருந்தவள் காயாம்பூ. அவனைவிடப் பத்து வயதாவது சின்னவள். சிறுமலையின் உச்சியில், கன்னிமார் கோயிலுக்குப் பூச்செடி வளர்க்கிறவள். மலைக்கு வருகிறவர்கள் தங்கள் குழப்பங்களை அவளிடம்தான் இறக்கிவைப்பார்கள். அவள் பெரும்பாலும் பதில் சொல்லமாட்டாள். அதனாலேயே அவளுக்கு நல்ல பெயர்.

பனி இறங்கியிருந்தது. செடிகளுக்கு நடுவே அவள் முகம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. வயிரவனின் சட்டைத் தோளில் சிவப்பு இதழ்கள் ஒட்டியிருந்தன. உள்ளே நுழையும்போது வாசலில் தாழ்ந்து கிடந்த செவ்வரளிக் கிளை அவன் நெற்றியில் இடித்திருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"காப்பி குடிக்கிறீங்களா, சுக்குத்தண்ணியா?" என்றாள்.

"எதானாலும் சரிம்மா."

அவள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

"'எதானாலும்' எங்கிட்ட இல்லையேண்ணே" என்றாள்.

வயிரவன் குழாயடியில் தண்ணீர் பிடித்துக் குடித்தான். மலைத் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அது காப்பி இல்லையே.

*

வயிரவனுக்கு யூடியூபில் ஒரு சேனல் இருந்தது. பெயர் 'தராசு'. புதுப்போன் எது வந்தாலும் வாங்கிவந்து, மேசையில் வைத்து, முன்னும் பின்னும் புரட்டி, இதில் இது நல்லது, அதில் அது நல்லது என்று நிறுத்துச் சொல்வான். இந்தப் பக்கமும் சாயமாட்டான், அந்தப் பக்கமும் சாயமாட்டான். ஆண்ட்ராய்டு கட்சிக்காரர்களும் ஐபோன் கட்சிக்காரர்களும் அவன் வீடியோவுக்குக் கீழே வந்து அடித்துக்கொள்வார்கள். இரண்டு பேருமே கடைசியில், "அண்ணன் மட்டும்தான் நியாயஸ்தன்" என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

அதில் அவனுக்குப் பெருமை. பெருமைதான் அவனைக் கெடுத்தது.

ஒருநாள் அவன் மனைவி உமையாளின் பழைய போன் உயிரை விட்டது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். உங்களுக்குப் பிடித்தது எதுவோ அதையே எனக்கும் வாங்கிக் கொடுங்கள் என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் போனைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வயிரவனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தான். திரையைப் பற்றிச் சொன்னான், கேமராவைப் பற்றிச் சொன்னான், பேட்டரியைப் பற்றிச் சொன்னான். ஒன்றில் நம் இஷ்டப்படி எதையும் மாற்றிக்கொள்ளலாம், மற்றொன்றில் மாற்றவேண்டிய தொல்லையே இல்லை என்றான். அடுப்படியில் சோறு ஆறிப்போனது. கடைசியில், ரெண்டிலும் நல்லது கெட்டது உண்டு, உன் தேவையைப் பொறுத்தது என்று முடித்தான். வீடியோவில் எப்போதும் அப்படித்தான் முடிப்பான்.

"எனக்கு என்ன தேவைன்னு நான் கேக்கலை. உங்களுக்கு எது பிடிக்கும்?"

அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்றான் வயிரவன்.

உமையாள் அவனையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"என்னைக் கட்டும்போதும் இப்படித்தான் நிறுத்துப் பார்த்தீங்களா?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பான். வயிரவன் யோசித்தான். யோசித்ததே முதல் தப்பு. அப்புறம் பேசினான்.

"குறைன்னு பார்த்தா உங்கிட்ட ரொம்பக் கம்மிதான்."

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னான், பாவி.

உமையாள் சத்தம் போடவில்லை. பையில் நாலு புடவையை எடுத்துவைத்தாள். தேவகோட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். வாசல்படியில் நின்று திரும்பிச் சொன்னாள்.

"தராசு எல்லாருக்கும் நிறுத்துக் குடுக்கும். ஒரு வாய் தின்னு பாக்காது. உங்களுக்கு எது பிடிக்கும்னு தெரிஞ்சா ஒரு போன் பண்ணுங்க. எந்தப் போன்லேர்ந்து பண்ணினாலும் சரி."

*

அவள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. ஒரு மூலையில் இருமினால் இன்னொரு மூலையில் கேட்டது. வயிரவன் தனியாக உட்கார்ந்து அழுதான். அழுது முடித்துவிட்டு அவள் தாய்வீட்டுப் போனில் அவளைக் கூப்பிட்டான். எடுத்தாள். "தெரிஞ்சிருச்சா?" என்றாள். இல்லை என்றான். வைத்துவிட்டாள்.

தெரிந்துகொள்ள அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். இரண்டு போனையும் மேசையில் வைத்து மதிப்பெண் போட்டான். ஐபோனுக்கு அரை மதிப்பெண் கூடுதலாக வந்தது. அப்பாடா என்று இருக்கவேண்டியவன், ஏனோ முகம் வாடி உட்கார்ந்திருந்தான். மறுநாள் மறுபடி போட்டான். சமமாக வந்தது. அதற்கும் நிம்மதி வரவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தக் கதைதான்.

அப்போதுதான் அவன் வீடியோவுக்குக் கீழே யாரோ ஒருவர், சிறுமலைக்குப் போய்ப் பாருங்கள், அங்கே காயாம்பூ என்று ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதியிருந்தார். போனைப் பற்றி எழுதியதா, வேறு எதையாவது பற்றியா என்று தெரியவில்லை. வயிரவன் பஸ் ஏறிவிட்டான்.

*

கோயிலுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஓர் அறை இருந்தது. அதில் தங்கிக்கொள்ளச் சொன்னாள்.

மலையில் காலையா மாலையா என்று சட்டென்று சொல்லமுடியாது. பனி வரும், நிற்கும், போகும். வாழைத்தோப்பு காணாமல் போகும். திரும்பி வரும்போது கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல இருக்கும். வயிரவன் அடிக்கடி இடது பையிலிருந்து போனை எடுத்து மணி பார்ப்பான். பார்த்த மணியை உடனே மறந்துவிடுவான்.

ஒவ்வொரு காலையும் காயாம்பூ வந்து கேட்பாள். காப்பியா, சுக்குத்தண்ணியா? அவன் ஒவ்வொரு காலையும் யோசிப்பான். காப்பி சுறுசுறுப்பு, சுக்கு வயிற்றுக்கு நல்லது என்று மனசுக்குள் நிறுப்பான். நிறுத்து முடிப்பதற்குள் அவள் போய்விடுவாள். குழாயடித் தண்ணீர்தான் அவனுக்கு.

ஒருநாள் அவளுக்கு இரண்டு போனையும் விளக்கினான். முழுசாக, உமையாளுக்குச் சொன்னதைவிட நீளமாக. அவள் களை எடுத்துக்கொண்டே கேட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் வாங்கிப்போய், பனிக்குள் எங்கேயோ வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"உங்க போனை எடுத்துக்கிட்டு வாங்கண்ணே."

வயிரவன் பனிக்குள் போனான். ஒரு பாறைமேல் இரண்டும் அருகருகே கிடந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

"உங்க போனைத்தான கேட்டேன்" என்றாள்.

ரெண்டும் என்னுடையதுதான் என்றான். அவள் களைக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் இடுப்பில் ஒரு பழைய பட்டன் போன் செருகியிருந்தது. அதில் எந்நேரமும் ரேடியோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று வயிரவன் கேட்டான்.

"பிடிச்சிருக்கு."

"ஏன்?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை கேட்டதே இல்லை என்பதுபோலப் பார்த்தாள். பிறகு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

*

அன்று தூக்கத்தில் வயிரவன் தராசாக இருந்தான்.

விரித்த கைகள் இரண்டிலும் இரண்டு தட்டு. ஒரு தட்டில் அவன் வீடு. மற்றொரு தட்டிலும் அவன் வீடு. இரண்டு வீட்டிலும் உமையாள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு உமையாளும் சாப்பிட வாங்க என்றார்கள். ஒரு தட்டு இறங்கினால்தான் அவன் அதற்குள் போகமுடியும். முள் நடுவிலேயே நின்றது. இரண்டு வீட்டிலும் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. பனியா, கண்ணீரா என்று அவன் நிறுத்துப் பார்க்கவில்லை. காயாம்பூவைத் தேடி ஓடினான்.

"என்னால ஆகாதும்மா. பூக்கட்டிப் பாத்துடலாம். கன்னிமார் சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்."

முடிவெடுக்க முடியாதவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்கவேண்டும். வந்த நிறம் சாமியின் வாக்கு. பெண் கொடுப்பதும் நிலம் விற்பதும் அப்படி முடிவான குடும்பங்கள் உண்டு. போன் வாங்கக் கட்டியது வயிரவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

காயாம்பூ சிரிக்கவில்லை. எது எதற்கு என்று மட்டும் கேட்டாள்.

"செவப்பு ஐபோனுக்கு. வெள்ளை ஆண்ட்ராய்டுக்கு."

"நீங்களே பறிங்க, நீங்களே கட்டுங்க. வெள்ளைக்கு நந்தியாவட்டை, கோயிலுக்குப் பின்னால நிக்கிது. செவப்பு வாசல்ல."

வாழையிலை கொடுத்தாள். வயிரவன் அதை இரண்டு சமத் துண்டாகக் கிழித்தான். ஒன்று விரற்கடை பெரிதாக இருந்தது. அதை மறுபடி கிழித்துச் சரி செய்தான். நாரையும் அளந்து எடுத்தான். காயாம்பூ பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களைப்போல ஓர் ஆள் இந்தக் கோயிலுக்கு வந்ததில்லை என்றாள். வயிரவன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

*

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஆனால் பனிக்குள் அதுவும் ஒரு செய்தியாகத்தான் வந்தது. இடது பைப் போனின் வெளிச்சத்தில் வழி பார்த்து, கோயிலுக்குப் பின்னால் போனான்.

வெள்ளைப் பனியில் வெள்ளைப் பூ தெரியவில்லை. கையால் தடவித்தான் கண்டுபிடித்தான். குளிர்ந்து ஈரமாக இருந்தது. பறித்து முதல் இலையில் வைத்தான்.

கையில் இருந்த போனின் திரையில் ஒரு படம் இருந்தது. அவன் வீட்டு முற்றத்தில் மழை பெய்யும் படம். ஒரு மத்தியானம் எடுத்தது. உமையாள் அங்கே தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் எடுக்கவேண்டும் என்று அவசரத்தில் எடுத்தான். மங்கலாக விழுந்திருந்தது. மழை மட்டும் கோடு கோடாக, ஓரத்தில் அவள் கால்விரல். வீடியோவில் இப்படி ஒரு படத்தைக் காட்டினால் அவனே அதற்கு மதிப்பெண் தரமாட்டான். ஆனாலும் அதை மாற்றவேண்டும் என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அங்கேயே நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கோ ஒரு பறவை கூப்பிட்டது. மழை பெய்கிற முற்றத்தில் தான் நிற்பதாகவே இருந்தது. உமையாள் கொஞ்ச நேரத்தில் விழித்துவிடுவாள், காப்பி போடுவாள்.

முதல் பொட்டலத்தைக் கட்டினான். இரண்டாவது இலையை எடுத்தான். பூவை வைத்தான், மடித்தான், நாரைச் சுற்றினான். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனம் அந்த மழையைவிட்டு வரவில்லை.

பிறகு இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். சமமாக இருந்தது. அதில் மட்டும் அவன் குறை வைக்கவில்லை.

*

கன்னிமார் ஏழு பேர். ஏழு சின்னக் கல். மஞ்சள் பூசி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காயாம்பூ பொட்டலங்களை வாங்கி முந்தானைக்குள் போட்டுக் குலுக்கி, அவர்கள் முன்னால் வைத்தாள். வயிரவன் கண்ணை மூடினான். அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஒன்றை எடுத்தான். பிரித்தான்.

வெள்ளை.

நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது. அவ்வளவு மூச்சு உள்ளே இருந்தது அவனுக்கே தெரியாது. ஆனால் ஆள் தராசுக்காரன் ஆயிற்றே. உடனே சந்தேகம் வந்தது. இன்னொன்றையும் பிரித்துப் பார்த்துவிடவேண்டும், சோதனை சரியாக நடந்ததா என்று தெரியவேண்டாமா என்றான்.

காயாம்பூ அந்தப் பொட்டலத்தையும் அவனிடம் கொடுத்தாள்.

பிரித்தான்.

அதிலும் வெள்ளை.

வயிரவன் அவளைப் பார்த்தான். கோபம் வந்தது. மாற்றி வைத்துவிட்டீர்கள் என்றான். ஊரிலிருந்து நம்பி வந்தவனை இப்படி ஏமாற்றலாமா என்றான்.

"கட்டினது நீங்கண்ணே."

அவன் பொட்டலத்தைப் பார்த்தான். நார் முடிச்சு அவன் போட்ட முடிச்சுதான். போன் டப்பாக்களைக் கட்டிவைக்கும்போது அவன் போடுகிற அதே இரட்டை முடிச்சு.

பனி என்றான். இருட்டு என்றான். செவ்வரளி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றான்.

காயாம்பூ அவன் தோளைக் காட்டினாள். முதல்நாள் போட்டிருந்த அதே சட்டை. காய்ந்துபோன சிவப்பு இதழ் ஒன்று தையலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வந்த அன்னைக்கே தலையில இடிச்சுக்கிட்டீங்க. இத்தனை நாளும் அதுக்குக் குனிஞ்சுதான் போயிட்டு வர்றீங்க."

வயிரவன் அந்த இதழை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்படியானால் கன்னிமார் வாக்கு செல்லாதா, மறுபடி கட்டவேண்டுமா என்று கடைசியில் கேட்டான்.

"கன்னிமாரு இதுல வரவே இல்லண்ணே" என்றாள்.

இரண்டு பொட்டலத்துப் பூவையும் ஒன்றாகக் கொட்டி, ஏழு கல்லுக்கும் பிரித்துச் சூட்டினாள். எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நின்றாள்.

"காப்பியா, சுக்கு..."

"காப்பி" என்றான் வயிரவன்.

கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாள். நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்தான்.

*

மலையில் ஒரே ஓர் இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். கோயிலுக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. வயிரவன் மூச்சு வாங்க ஏறினான். கீழே ஒன்றும் இல்லை, பனி மட்டும்தான். மலையே எங்கோ மிதந்து போவதுபோல இருந்தது.

இடது பையிலிருந்து போனை எடுத்தான்.

உமையாள் எடுத்தாள்.

"தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சிருச்சு. ஆண்ட்ராய்டு."

"ஏன்?"

வயிரவன் வாயைத் திறந்தான். இத்தனை வருஷம் பேசிய பேச்சில் ஒன்றாவது கைகொடுக்கும் என்று தேடினான். திரை, கேமரா, பேட்டரி எல்லாம் எங்கேயோ கீழே, பனிக்கு அடியில் இருந்தன.

"தெரியலை உமையா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பயந்து, போனை இன்னும் இறுக்கிக் காதில் வைத்துக்கொண்டான். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"என்னை?" என்றாள்.

"பிடிக்கும்."

"ஏன்?"

வயிரவன் யோசிக்கவில்லை.

"தெரியலை."

"வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள் உமையாள்.